சிடி4 540, எச்.ஐ.வி. கண்டறிய இயலாத அளவு. இருந்தும் தோலில் புற்று. எதிர்ப்பாற்றல் எங்கே குறைந்தது?

பழந்தழும்பு (கேள்வி)

எனக்கு வயது 54. 2006ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தொற்று உறுதியானபோது என் சிடி4 எண்ணிக்கை, அதாவது எதிர்ப்பாற்றலைக் காக்கும் ஒருவகை வெள்ளணுக்களின் கணக்கு, 64. அந்த ஆண்டே அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் கூட்டு மருந்து தொடங்கினார்கள். முதலில் நாளுக்கு இரு வேளை மாத்திரை. 2021இலிருந்து இரவில் மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே ஒரு டி.எல்.டி. மாத்திரை. ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் கடந்த பத்து ஆண்டுகளில் விட்ட நாள்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். கடைசிப் பரிசோதனையில் வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸ், கண்டறிய இயலாத அளவு, சிடி4 540.

ஏழு வயதில் நெல் அவித்த அண்டா சாய்ந்து இடது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் முழுதும் வெந்துபோனது. அந்தத் தழும்பு வெளிறி, பட்டுத்துணி போல மெலிந்து, கோடைதோறும் வெடித்து மறுபடி மூடிக்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு ஆடி மாதம் வெடித்த இடம் மட்டும் மூடவில்லை. விளிம்பு தடித்துப் பூக்கோசு போல எழும்பியது, வாடையும் வந்தது. ஐந்து மாதம் களிம்பு தடவிக் காலத்தைப் போக்கிவிட்டேன். பிறகு பயாப்சி எடுத்ததில் செதிள் செல் புற்று, அதாவது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, என்று வந்தது. சுற்றுத்தோலோடு வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். இந்த அறுவைக்கு முன்பு நான் சென்ற வேறொரு மருத்துவமனையில், என் தொற்று பற்றித் தெரிந்தவுடன் அறுவைத் தேதியை இருமுறை தள்ளிவைத்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அதில் ஏழு வாரங்கள் போயின.

இணையத்தில் தேடியபோது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தோல் புற்று இரண்டு மடங்கு வருகிறது என்றும், வந்தால் மோசமாகப் போகிறது என்றும் படித்தேன். என் எண்ணிக்கைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று பதினைந்து ஆண்டுகளாக நம்பியிருந்தவனுக்கு இது பெரிய குழப்பம். இந்தப் புற்று என் தொற்றால் வந்ததா, தழும்பால் வந்ததா? சிடி4 500க்கு மேல் இருப்பவனையும் எதிர்ப்பாற்றல் குறைந்தவன் என்றே கணக்கில் வைத்து, இது திரும்பி வரும் என்று நான் அஞ்ச வேண்டுமா? பரவினால் கொடுக்கப்படும் புதிய வகை ஊசிகள் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கிடையாது என்று உறவினர் ஒருவர் சொன்னார், அது உண்மையா? எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாத்திரை என்று ஒரு புட்டியையும் அவரே வாங்கித் தந்திருக்கிறார். அதை இன்னும் திறக்கவில்லை.

தோல் மருத்துவன் (பதில்)

ஐயா, முதலில் நீங்கள் படித்த அந்த "இரண்டு மடங்கு" எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். அங்கேதான் பாதிக் குழப்பம் இருக்கிறது. கலிபோர்னியாவின் வடபகுதியில் ஒரே காப்பீட்டு அமைப்பின் உறுப்பினர்களாக இருந்த 6,560 எச்.ஐ.வி. உள்ளவர்களையும், தொற்று இல்லாத 36,821 பேரையும் 1996 முதல் 2008 வரை ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வெளியானது. மெலனோமா (நிறமிச் செல்களில் எழும் புற்று) அல்லாத தோல் புற்றுகள் தொற்றுள்ளவர்களிடம் சுமார் 2.1 மடங்கு இருந்தன. ஆனால் அந்த ஆய்வில் எடுத்துக்கொள்ளப்பட்ட அனைவரும் வெள்ளைத் தோலினர். நம் தோலுக்கு அந்த மடங்கை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது.

அதைவிட முக்கியமானது அந்த ஆய்வின் உள்ளே இருக்கும் வேறுபாடு. செதிள் செல் புற்று, சிடி4 குறையக் குறைய அதிகமாயிற்று. அடித்தளச் செல் புற்று என்கிற பேசல் செல் கார்சினோமாவோ தொற்றுள்ளவர்களிடம் கூடுதலாக இருந்தும், சிடி4 எண்ணிக்கையோடு ஏறி இறங்கவில்லை. இரண்டும் ஒரே தோலில், ஒரே வெயிலில் வருபவை. ஒன்றை நம் டி செல்கள் (சிடி4 எண்ணுவது இவற்றில் ஒரு வகையைத்தான்) காவல் காக்கின்றன, மற்றதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்பதே இதன் பொருள். அடித்தளச் செல் புற்றின் செல்கள், டி செல்களுக்குத் தம்மை அடையாளம் காட்டும் எச்.எல்.ஏ. புரதங்களை மேற்பரப்பில் மிகக் குறைவாகவே வைத்திருக்கின்றன. அடையாள அட்டையே காட்டாதவனைக் காவலர் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பிடிக்க முடியாது. ஆகவே "எச்.ஐ.வி. இருந்தால் தோல் புற்று எப்படி ஆகும்" என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்தப் புற்று என்று முதலில் கேட்க வேண்டும். சிடி4 எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இதன் ஒரு முனையில் கபோசி சார்கோமா இருக்கிறது. வியன்னாவில் பணியாற்றிய தோல் மருத்துவர் மோரிட்ஸ் கபோசி 1872இல் முதியவர்களின் கால்களில் மெதுவாக வளரும் கருஞ்சிவப்புக் கட்டிகளாக விவரித்த நோய் அது. 1981 ஜூலையில் நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 26 ஆண்களிடம் அதே நோய் கட்டுக்கடங்காமல் பரவியதாக அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை தெரிவித்தபோதுதான், எய்ட்ஸ் என்று பின்னர் பெயர் பெற்ற நோயின் முகம் உலகுக்குத் தெரிந்தது. அதன் காரணமான எச்.எச்.வி.-8 என்ற வைரஸை யுவான் சாங்கும் பேட்ரிக் மூரும் 1994இல் கண்டறிந்தார்கள். இந்த வைரஸ் உடலில் இருக்க, டி செல்கள் சரிந்தால் கபோசி தலையெடுக்கிறது. கூட்டு மருந்தால் டி செல்கள் மீண்டால், தோலோடு நிற்கும் கட்டிகள் பலருக்கு வேறு மருந்து இல்லாமலேயே வாடிவிடுகின்றன. 1996க்குப் பின் மேலைநாடுகளில் அது சரிந்ததற்கு இதுவே காரணம். நம் நாட்டில் கபோசி அரிதாகவே வருகிறது, எச்.எச்.வி.-8 இங்கே அதிகம் புழங்காததால்தான் அப்படி, நம் எதிர்ப்பாற்றலின் பெருமையால் அன்று. உகாண்டாவில் அந்த வைரஸ் ஏற்கெனவே பரவலாக இருந்ததால், எச்.ஐ.வி. வந்து சேர்ந்ததும் ஆண்களின் முதன்மைப் புற்றாகவே அது மாறியது.

கபோசியிலும் ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. சான்பிரான்சிஸ்கோவில், சிடி4 300க்கு மேலும் வைரல் லோடு 300க்குக் கீழும் நீண்ட காலமாக நிலைத்திருந்த ஒன்பது பேருக்குக் கபோசி வந்ததை 2007இல் பதிவு செய்தார்கள். எண்ணிக்கை நிறைந்திருந்தது, செல்கள் மூப்படைந்திருந்தன என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. சிடி4 என்பது காவலர்களின் தலைக்கணக்கு. அவர்களில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதை அது சொல்வதில்லை. மருந்து தொடங்கும் முன் 64 வரை இறங்கியவருக்கு, பின்னர் 540 வந்தாலும், சிடி4க்கும் சிடி8 என்ற இன்னொரு வகை டி செல்லுக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்குக் கீழேயே நின்றுவிடுவது உண்டு. அந்த விகிதம் உங்கள் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது உங்கள் காலுக்கு வருகிறேன். பழைய தீப்புண், வெந்நீர்த் தழும்பு, ஆறாத புண் ஆகியவற்றில் முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து வரும் செதிள் செல் புற்றுக்கு மார்ஜோலின் புண் என்று தனிப்பெயரே உண்டு. கருந்தோல் கொண்ட மக்களிடம் இவ்வகைப் புற்று, வெயில் படாத இடங்களிலும் தழும்புகளிலும் வருவதே மிகுதி. தொற்றே இல்லாத எத்தனையோ பேருக்கு, ஏழு வயதில் வெந்த கால் ஐம்பது வயதில் இப்படித் திரும்பியிருக்கிறது. ஆகையால் தழும்பே இதன் வேர் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. 2006க்கு முன் எதிர்ப்பாற்றல் மிகத் தாழ்ந்திருந்த காலம் அதற்கு ஓரளவு இடம் கொடுத்திருக்கலாம். ஒரு தனி மனிதரிடம் அதைப் பிரித்து அளக்க வழியில்லை.

திரும்பி வருமா என்பதற்கு உங்கள் இரத்த அறிக்கையைவிட நோய்க்கூற்று அறிக்கைதான் (வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்த அறிக்கை) கூடுதலாகப் பேசும். கட்டியின் விட்டம், ஆழம், விளிம்புகளில் புற்று உள்ளதா, நரம்பைச் சுற்றிப் பரவியுள்ளதா என்ற விவரங்களை எழுதுங்கள். பெயர், எண் எதையும் இங்கே போட வேண்டாம்.

பிரிஸ்பேன் செவிலி (பதில்)

நான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தோல் புற்றுச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். உலகில் தோல் புற்று மிகுந்த இடங்களில் இது ஒன்று. வெளிர்த்தோலும் கடும்வெயிலும் சேர்ந்த ஊர். எனவே இங்கே பார்ப்பதை நம் ஊருக்குப் பொருத்தும்போது எனக்கே அடிக்கடி ஐயம் வரும். மேலே மருத்துவர் சொன்னதை ஒட்டி மெலனோமா பற்றி மட்டும் சிறிது சேர்க்கிறேன்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மெலனோமா வரும் வாய்ப்பு சற்றே கூடுதல்தான். 2014இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கணக்கில், கூட்டு மருந்துக் காலத்தில் அது 1.26 மடங்கு. ஆனால் வந்த பிறகு நடப்பது அவ்வளவு சிறிய வேறுபாடு அன்று. அமெரிக்காவின் ஆறு மாநிலங்களில் 1996 முதல் 2010 வரையிலான புற்றுநோய்ப் பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், மெலனோமாவாலேயே இறக்கும் வாய்ப்பு எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 1.72 மடங்காக இருந்தது. நோய் கண்டறியப்பட்ட நிலை உள்ளிட்டவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. எதிர்ப்பாற்றலின் பங்கு அதில் இருக்கிறது. அதே நாட்டில் வேறு ஆய்வுகள், பல வகைப் புற்றுகளில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சிகிச்சையே பெறாமல் விடப்படுவது மற்றவர்களைவிட அதிகம் என்றும் காட்டியிருக்கின்றன. ஐயா எழுதிய அந்த ஏழு வாரத் தாமதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. தள்ளிவைக்கப்பட்ட தேதியையும் எதிர்ப்பாற்றல் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

நம்மவர்களுக்கு மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வரும். அதற்கும் வெயிலுக்கும் தொடர்பு சொல்ல முடியாது. ஆகவே இங்கே எல்லோருக்கும் சொல்லும் வெயில் தடுப்புக் களிம்பு அறிவுரையை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. மாதம் ஒருமுறை பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், நகத்தில் புதிதாகக் கருங்கோடு ஓடி அகன்றுகொண்டே வந்தால் காட்டுங்கள், ஒட்டிய தோலின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அவ்வளவே.

புற்றுநோய் மருந்தியல் மருத்துவர் (பதில்)

கேட்டவரின் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். புதிய வகை ஊசி என்று அவருடைய உறவினர் சொன்னது பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், செமிப்லிமாப் போன்றவை என்று எடுத்துக்கொள்கிறேன். அவை புற்றை நேரடியாகக் கொல்வதில்லை. டி செல்களின் மேல் பி.டி.-1 என்றொரு தடுப்புக்கட்டை உண்டு. புற்று அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு டி செல்லை ஓடவிடாமல் செய்கிறது. இந்த மருந்துகள் அந்தப் பிடியை எடுத்துவிடுகின்றன. இந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான் பரவிய செதிள் செல் தோல் புற்றுக்குச் செமிப்லிமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இதில் எச்.ஐ.வி.க்கு ஒரு வியப்பான இடம் உண்டு. நாள்பட்ட எச்.ஐ.வி. தொற்றில் களைத்துப்போன டி செல்களும் அதே பி.டி.-1 கட்டையைத்தான் மிகுதியாக ஏந்தியிருக்கின்றன என்பது 2006இலேயே காட்டப்பட்டது. புற்றால் களைத்த செல்லும் வைரஸால் களைத்த செல்லும் ஒரே பூட்டால் பூட்டப்பட்டவை. அப்படியிருக்க, இந்த மருந்து எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் வேலை செய்யாது என்று நினைக்க உயிரியல் காரணம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் தொடக்க கால மருந்து ஆய்வுகளில் பெரும்பாலானவை எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சேர்க்காமலே நடந்தன. ஆய்வில் இல்லாதவர்களுக்கு எழுதித் தர மருத்துவர்கள் தயங்கினார்கள்; அந்தத் தயக்கம் ஊர் வாயில் "அவர்களுக்குக் கிடையாது" என்றாகிவிட்டது. உங்கள் உறவினரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2019இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் தயக்கத்தை நேரடியாகச் சோதித்தது. சிடி4 குறைந்தது 100, கூட்டு மருந்தால் வைரஸ் அடங்கிய நிலை என்ற நிபந்தனையோடு, பரவிய புற்றுள்ள 30 எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தார்கள். பக்கவிளைவுகள் மற்றவர்களிடம் காணப்படுவதைப் போலவே இருந்தன, எச்.ஐ.வி. கட்டவிழ்ந்து போகவில்லை. ஒருவர் இறந்தார்; எச்.எச்.வி.-8 தொடர்பான பி செல் (இன்னொரு வெள்ளணு வகை) பெருக்கம் அவருக்கு ஏற்பட்டது. ஆகவே அந்த வைரஸ் உள்ளவர்களிடம் மட்டும் தனி எச்சரிக்கை தேவை. 540 சிடி4 உள்ள ஒருவருக்கு, தேவைப்படும் நாள் வந்தால், எச்.ஐ.வி. இந்த மருந்துக்குத் தடை அன்று. விலைதான் தடை. விலை மிகுந்த மருந்து இது. காப்பீட்டில் எது அடங்கும் என்று மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் முன்னதாகவே விசாரித்து வைப்பது நல்லது.

எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தால் தோல் எப்படி மாறுகிறது என்பதற்கு உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களைப் பார்க்க வேண்டும். பொதுமக்களிடம் அடித்தளச் செல் புற்றே செதிள் செல் புற்றைவிட மிகுதி; சிறுநீரக மாற்று செய்துகொண்ட வெளிர்த்தோலினரிடம் இந்த வரிசை தலைகீழாகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் வரிசை அப்படித் திரும்பவில்லை. எதிர்ப்பாற்றல் குறைவு என்ற ஒரே சொல்லால் இரு கூட்டத்தையும் அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உறுப்பு மாற்றியவர் மாத்திரையால் தம் டி செல்களை நாள்தோறும் அடக்குகிறார், நீங்கள் மாத்திரையால் நாள்தோறும் அவற்றைக் காக்கிறீர்கள்.

பழந்தழும்பு

மூவருக்கும் நன்றி. அறிக்கையைத் தேடி எடுத்தேன். கட்டியின் விட்டம் 3.2 செ.மீ.; ஆழம் 5 மி.மீ.; நன்கு வேறுபட்ட வகை (இயல்பான செல்லை ஒத்தது) என்று இருக்கிறது. எல்லா விளிம்புகளும் புற்றின்றி உள்ளன. நரம்பைச் சுற்றிய பரவல் இல்லை. தொடை இடுக்கில் ஒரு நெறி (நிணநீர்க் கணு) இருந்தது. ஊசியால் எடுத்துப் பார்த்ததில் வெறும் அழற்சி என்று வந்தது. சிடி4, சிடி8 விகிதம் 0.6 என்று பழைய அறிக்கை ஒன்றில் மட்டும் இருக்கிறது. மாத்திரைப் புட்டியின் ஒட்டுத்தாளில் துத்தநாகம், இரும்பு, கால்சியம், மக்னீசியம், அதோடு நான்கைந்து மூலிகைப் பெயர்கள் உள்ளன.

தோல் மருத்துவன்

ஆழம் பற்றிய எண்களில் நான் அதிகம் நம்புவது, ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் 615 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2008இல் வெளியிட்ட கணக்கு. 2 மி.மீ. வரையிலான கட்டிகளில் ஒன்றுகூடப் பரவவில்லை. 2 முதல் 6 மி.மீ. வரை நூற்றுக்கு நான்கு; 6 மி.மீ.ஐத் தாண்டியவற்றில் நூற்றுக்குப் பதினாறு. எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பதும் அங்கே தனியான ஒரு காரணியாக நின்றது. நீங்கள் நடுப்பிரிவில் வருகிறீர்கள். ஆனால் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கச் சொல்ல மாட்டேன். அது வெயில் பட்ட வெளிர்த்தோலின் கணக்கு. தழும்பில் எழும் புற்று, அதே ஆழத்தில், அதைவிட அதிகமாக நெறிகளுக்குச் செல்லும் இயல்புடையது. விளிம்பு தெளிவாக இருப்பதும் நரம்பு தப்பியிருப்பதும் உங்கள் பக்கம் நிற்கின்றன.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து 2002இல் வந்த ஓர் அறிக்கை எச்.ஐ.வி. உள்ள பத்துப் பேரின் மூர்க்கமான செதிள் செல் புற்றுகளை விவரித்தது. ஏழு ஆண்டுகளுக்குள் அவர்களில் பாதிப்பேர் இறந்தார்கள். இணையத்தில் அலைந்தால் அதுவும் உங்கள் கண்ணில் படும், அதனால் முந்திக்கொண்டு சொல்கிறேன். மூர்க்கமானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதிய அறிக்கை அது. பிற்காலத்தில் கலிபோர்னியாவில் முன்பு சொன்ன அதே மக்கள்தொகையில், ஒருமுறை தோல் புற்று வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, சிடி4 200க்குக் கீழே இருந்தவர்களுக்குப் புதிதாகச் செதிள் செல் புற்று வரும் வாய்ப்பு மும்மடங்கைத் தாண்டியது. 540க்கும் 200க்கும் இடையே உள்ள தொலைவை உங்களுக்குப் பெற்றுத் தந்தது அந்த இரவு மாத்திரைதான்.

இவ்வகைப் புற்று திரும்பினால், நான்கில் மூன்று முறை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. உங்கள் விகிதம் 0.6 என்பதையும் தழும்புப் புற்று என்பதையும் சேர்த்து, என்னிடம் வந்திருந்தால் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் ஒட்டிய தோலை மட்டுமன்றி மீதமுள்ள பழைய தழும்பு முழுவதையும், தொடை இடுக்கையும் கையால் தொட்டுப் பார்த்திருப்பேன். ஐயம் வந்தால் அல்ட்ராசவுண்ட். அழற்சி என்று வந்த அந்த நெறி மூன்று மாதம் கழித்தும் சுருங்காவிட்டால் மறுபடி ஊசி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; புண்ணின் சீழால் வீங்கிய நெறி, புண் ஆறியபின் வீங்கியிருக்கக் காரணமில்லை.

புட்டியைத் திறக்காமல் வைத்தது நல்ல காரியம். கால்சியம், இரும்பு, மக்னீசியம், துத்தநாகம் ஆகியவை குடலில் டொலுடெக்ராவிரைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கின்றன, உங்கள் டி.எல்.டி. மாத்திரையின் முதன்மை மருந்தே அதுதான். எதிர்ப்புச் சக்திக்கென்று சாப்பிடும் மாத்திரை, எதிர்ப்பாற்றலைக் காக்கும் மாத்திரையின் காலை வாரிவிடும். மூலிகைகளில் எது என்ன செய்யும் என்று ஒட்டுத்தாளை வைத்துச் சொல்ல முடியாது.

முன்னாள் ஆற்றுப்படுத்துநர் (பதில்)

மருத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை. ஏ.ஆர்.டி. மையத்தில் பதினோரு ஆண்டுகள் ஆற்றுப்படுத்துநராக இருந்தவள் என்ற முறையில் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும் இடையில் நிறுத்துவதும் அதன்படி பாகுபாடு. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடு இல்லை. தள்ளிவைப்பதை மறுப்பு என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். "அடுத்த வாரம் வாருங்கள்" என்றுதான் சொல்வார்கள். அதனால்தான் என்னிடம் வந்தவர்களிடம், தேதி தள்ளப்பட்டால் காரணத்தைச் சீட்டில் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள் என்று சொல்லியனுப்புவேன். எழுதச் சொன்ன மாத்திரத்தில் பல தேதிகள் முன்னால் வந்ததைப் பார்த்திருக்கிறேன். முறையீடு செய்ய விரும்பினால், மாநில அளவில் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வழி தெரியாவிட்டால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை.

மற்றொன்று, புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் சென்ற இடத்தில் கூட்டு மருந்தை நிறுத்திவிட்ட சிலரைப் பார்த்திருக்கிறேன். சிலரிடம் யாரோ நிறுத்தச் சொன்னார்கள். சிலர் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினருக்குத் தெரிந்துவிடும் என்று தாமாகவே மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். மருத்துவமனையில் சேரும்போது மாத்திரையை ஒட்டுத்தாள் இல்லாத சிறு டப்பாவில் மாற்றி எடுத்துச் செல்லலாம். என்ன மருந்து என்பதை மருத்துவரிடமும் செவிலியரிடமும் மட்டும் தனியே சொல்லிவிடுங்கள். பின்னாளில் கீமோ கொடுக்க நேர்ந்தாலும் மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று அவர்கள் பார்த்தாக வேண்டும்.

பழந்தழும்பு

அடுத்த செவ்வாய் தையல் பிரித்த இடத்தைக் காட்டப் போகிறேன். மூன்று மாத அட்டவணையை எழுதி வாங்கிவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம். முழங்கால் வலிக்கு எலும்பு மருத்துவர் கால்சியம் மாத்திரை எழுதியிருக்கிறார். இரவு உணவுக்குப் பின் டி.எல்.டி.யோடு சேர்த்தே நான்கு மாதமாகச் சாப்பிட்டு வருகிறேன். இவ்வளவு நாளும் அது வீணாகிவிட்டதா?

தோல் மருத்துவன்

வீணாகவில்லை. உணவோடு சேர்த்துச் சாப்பிடும்போது கால்சியமும் டொலுடெக்ராவிரும் ஒன்றாகப் போகலாம். வெறும் வயிற்றில்தான் சிக்கல். ஆனால் உணவைத் தவறவிடும் இரவுகளும் வரும் என்பதால், கால்சியத்தைக் காலைச் சிற்றுண்டியோடு மாற்றிக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளைத் திரவ மருந்து மட்டும் உணவோடும் கூடாது, டி.எல்.டி.க்கு இரண்டு மணி நேரம் பின்னர், இல்லையென்றால் ஆறு மணி நேரம் முன்னர். அடுத்த வைரல் லோடு பரிசோதனை எப்போது என்று மையத்தில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.